லட்சம் கோடியில் அஞ்சு ரூபாய்

வங்கி வேலையில் சேர்ந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. படித்தது பி.காம். வேதியியலோடு உறவு பத்தாம் வகுப்போடு முறிந்தது (அதற்கு முன்பே முறிந்திருக்க வேண்டியது, வாத்தியார் கருணையில் தப்பித்தேன்). அப்படிப்பட்டவன் புரோமினைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு மரப்பலகை.

ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்து சில வருஷங்கள் ஆகின்றன. பார்ப்பது ஏற்றுமதி இறக்குமதிப் பிரிவு. அரிசி ஏற்றுமதி செய்யும் ஒரு வாடிக்கையாளரின் கோடவுனுக்கு ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன் போயிருந்தேன். மூட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தபோது, ஓரமாக அடுக்கியிருந்த மரப்பலகைகளில் கோதுமைக் கதிர் படம் போட்ட ஒரு முத்திரையும் பக்கத்தில் 'எம்.பி.' என்று இரண்டு எழுத்தும் கண்ணில் பட்டன. பாராளுமன்றத்துக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சிரித்தார். "மெத்தில் புரோமைடு சார். பூச்சி போக கேஸ் அடிச்சதுக்கு அடையாளம்."

இந்தப் பெயர் எனக்குப் புதிதில்லை. எல்.சி. ஆவணங்களோடு வரும் ஃப்யூமிகேஷன் சர்டிஃபிகேட்டில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். மரச்சட்டம் என்றால், 21 டிகிரியும் அதற்கு மேலும் வெப்பம் உள்ள இடத்தில், கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம். தேதி சரியா, கப்பல் பெயர் சரியா, கையெழுத்து இருக்கிறதா என்று டிக் அடித்து அனுப்புவேன். அவ்வளவுதான் நம் வேலை. அன்றைக்கு ஏனோ கேட்கத் தோன்றியது: "இருபத்துநாலு மணி நேரம் கழிச்சு விரிப்பைத் திறந்தா அந்த கேஸ் எங்க போகும்?"

அவர் தெலுங்கில் சொன்னார்: "காலிலோ போதுந்தி சார்."

தெலுங்கில் 'காலி' என்றால் காற்று. காற்றில் போய்விடுமாம். தமிழ்க் காதுக்கு அது 'காலி' என்று விழுந்தது. போனது போனதுதான், கணக்கு முடிந்தது என்பது போல. அன்று இரவு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தவன், பல வாரம் அதிலேயே கிடந்தேன். படித்ததில் புரிந்ததையும், எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்த வாயு காலியாவதில்லை. ஒரு பகுதி கடலிலும் மண்ணிலும் கரைகிறது, ஒரு பகுதி கீழ்க்காற்றிலேயே சிதைகிறது. சராசரி ஆயுள் ஒரு வருஷத்துக்கும் குறைவுதான். ஆனால் மிச்சம் மேலே ஏறி, நம் மாதிரி வெயில் நாடுகளில் ஏறக்குறைய 17 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் என்ற அடுக்குக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கேதான் ஓசோன் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு மூலக்கூறு உடைந்தால் புரோமின் அணு தனியாக வெளியே வரும். வந்து ஓசோனை உடைக்கும். உடைத்த பிறகு தான் அழியாமல் அடுத்த ஓசோனுக்குப் போகும்.

ஓசோனைக் கெடுப்பது க்ளோரின் என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்? அதுவும் உண்மை. ஆனால் அணுவுக்கு அணு பார்த்தால் புரோமின் அதைப் போல ஏறத்தாழ அறுபது மடங்கு நாசக்காரன். காரணத்தை எங்கள் பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். மேலே போன க்ளோரினில் பெரும்பகுதி ஹைட்ரோக்ளோரிக் அமிலம் மாதிரியான சேர்மங்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி. அவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்க முடியாது. புரோமினுக்கு அப்படி உறுதியான பெட்டகம் கிடையாது. போட்ட வேகத்தில் வெளியே வந்துவிடும். அது கரண்ட் அக்கவுண்ட், எந்நேரமும் கையில் காசு.

சரி, எவ்வளவு புரோமின் இருக்கிறது? விஞ்ஞானிகள் சொல்லும் அளவு ஒரு ட்ரில்லியனில் இருபது பங்கு. ட்ரில்லியன் என்றால் நம் கணக்கில் சரியாக ஒரு லட்சம் கோடி. லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே இருபது புரோமின் அணு. லட்சம் கோடி ரூபாய் வரவு செலவு உள்ள ஒரு பெரிய வங்கியின் புத்தகத்தில் இருபது ரூபாயைத் தேடுவது போல.

இந்த இருபதில்தான் அஞ்சு ரூபாய் உதைத்தது. அந்தக் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் என் கதை ஒன்று.

2004-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் இன்னும் வந்து சேராத கிளை. எல்லாம் லெட்ஜர்தான். ஒரு நாள் சேமிப்புக் கணக்கு பாலன்சிங்கில் அஞ்சு ரூபாய் உதைத்தது. மணி எட்டு. கடைசி பஸ் ஒன்பதரைக்கு. நான் பெரிய மனது பண்ணி, "சார், அந்த அஞ்சு ரூபாயை நானே போட்டுடறேனே" என்றேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, வித்தியாசம் அஞ்சுன்னு உனக்கு யார் சொன்னா? அஞ்சுங்கறது கழிச்சு வந்த மிச்சம். உள்ள எவ்வளவு இருக்குன்னு பார்க்காம தெரியாது."

பார்த்தோம். பதினோரு மணிக்குக் கிடைத்தது. ஒருவர் கட்டிய 2,000 ரூபாய் அவர் கணக்கில் ஏறவே இல்லை. இன்னொருவர் எடுத்த 1,995 ரூபாய் கழிக்கப்படவே இல்லை. கழித்துப் பார்த்தால் அஞ்சு. அந்த இரண்டாயிரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் ஒரு அம்மாவுடையது. நான் அஞ்சு ரூபாயைப் போட்டு பஸ் பிடித்திருந்தால் அவர் இரண்டாயிரம் போயிருக்கும். அன்று கிளையிலேயே பெஞ்சில் படுத்துத் தூங்கினேன்.

வானத்துக் கணக்கும் இப்படித்தான் இரண்டு பக்கமாகப் பார்க்கப்பட்டது.

ஒரு பக்கம் வரவு. கீழேயிருந்து என்னென்ன போகிறது? ஒன்று மெத்தில் புரோமைடு. இன்னொன்று ஹாலன்கள், அதாவது தீயணைப்புக் கருவிகளில் அடைத்து வைத்த வாயுக்கள். இவற்றைத் தரையில் அளக்கலாம். மேலே போனால் எப்படிக் குறைகிறது என்று பார்க்க பலூன் வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். அந்த பலூன் என் வீட்டிலிருந்து பஸ் போகும் தூரத்தில் பறந்திருக்கிறது! ஈ.சி.ஐ.எல். பக்கம் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பலூன் தளம் இருக்கிறது. 1969 முதல் ஹைதராபாத்தில் இயங்குகிறது. 1980-களின் பிற்பாதியிலும் 1990-களிலும் அகமதாபாத் பௌதிக ஆய்வுக்கூடத்துக்காரர்களும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் சேர்ந்து இங்கிருந்து பலூனில் கருவி அனுப்பினார்கள். காற்றில்லாமல் உறிஞ்சி எடுத்த எஃகுக் குழாய்கள், அவற்றைச் சுற்றி திரவ நியான். அதன் குளிர் மைனஸ் 246 டிகிரி. குறித்த உயரம் வந்ததும் தரையிலிருந்து கட்டளை போகும், குழாயின் வாய் திறக்கும், உள்ளே வந்த காற்று அப்படியே உறைந்துபோகும், வாய் மூடிக்கொள்ளும். அடுத்த உயரத்தில் அடுத்த குழாய். பிறகு பாராசூட்டில் இறங்கும். ஆய்வகத்தில் வைத்து ஒவ்வொரு குழாயிலும் எந்த வாயு எவ்வளவு என்று பிரிப்பார்கள். ஹைதராபாத் வானில் மெத்தில் புரோமைடு உயரத்துக்கு உயரம் எப்படி இருக்கிறது என்று ஷ்யாம் லால் குழுவினர் எழுதிய கட்டுரை 1994-ல் 'டெல்லஸ்' இதழில் வந்தது.

(இந்த பலூன்கள் இறங்கும்போது நடக்கும் கூத்து தனி. 2022 டிசம்பரில் விகாராபாத் மாவட்டத்தில் வயலில் ஒரு பெரிய கூண்டு வந்து இறங்கியது. வேற்றுக்கிரக வண்டி என்று ஊரே திரண்டுவிட்டது. ஸ்பெயின் கம்பெனி ஒன்றின் சோதனைக் கலம் என்று பிறகுதான் தெரிந்தது. கிளம்பியது இதே தளத்திலிருந்து.)

மறுபக்கம் இருப்பு. மேலே போய் உடைந்த புரோமின் அங்கே என்ன உருவத்தில் இருக்கிறது? பகலில் பெரும்பகுதி புரோமின் மோனாக்சைடு. இதைக் குழாயில் பிடித்துக் கீழே கொண்டுவர முடியாது, வழியிலேயே மாறிவிடும். அதனால் வேறு வழி. இந்த மூலக்கூறு சூரிய ஒளியின் புற ஊதாப் பகுதியில் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கொஞ்சம் ஒளியை விழுங்கும். கைரேகை மாதிரி. பலூனை 30 கிலோமீட்டருக்கு மேலே அனுப்பி, சூரியன் உதிக்கும் அல்லது மறையும் நேரத்தில், காற்றடுக்குகளைக் கிடையாகத் தாண்டி வரும் வெயிலை நேராகப் பார்த்து அந்த ரேகையைத் தேடுவார்கள். ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் க்ளாஸ் ஃபைல்ஸ்டிக்கர் குழு இதையே வருஷக்கணக்கில் செய்தது. ஸ்வீடனின் கிருனா, ஸ்பெயினின் லியோன், பிரேசிலின் தெரசினா என்று ஊர் ஊராகப் பறக்கவிட்டார்கள்.

வரவையும் இருப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டேலி ஆகவில்லை. மெத்தில் புரோமைடும் ஹாலன்களும் சேர்ந்து 17-ஐத் தாண்டவில்லை. மேலே அதைவிட அதிகம் இருக்கிறது. 2005 ஜூனில் தெரசினாவில் எடுத்த அளவு 21.5, முன்னே பின்னே 2.5. வரவில் இல்லாதது சுமார் 5.2, அதிலும் முன்னே பின்னே 2.5.

உடனே யாரும் குதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கருவி பார்ப்பது மோனாக்சைடை மட்டும். மற்றதெல்லாம் கணக்குப் போட்டுச் சேர்ப்பது. இரவில் புரோமின் நைட்ரேட் என்ற வேஷத்தில் ஒளிந்துகொள்கிறது. அது பகலில் எவ்வளவு வேகமாக உடைகிறது என்ற எண்ணில் சின்னத் தவறு இருந்தாலும் மொத்தம் மாறிவிடும். பிறகு அதையும் பலூனிலேயே சோதித்து, 2013-ல் மொத்தத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும் என்று எழுதினார்கள். தன் வவுச்சரைத் தானே திரும்பச் சரிபார்க்கும் ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

அந்த அஞ்சு ரூபாய் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து. கடற்பாசிகளும் நுண்பாசிகளும் ப்ரோமோஃபார்ம், டைப்ரோமோமீத்தேன் என்ற வாயுக்களை விடுகின்றன. ஆயுள் சில வாரம் அல்லது சில மாதம்தான். இவ்வளவு அற்பாயுசு வாயு மேலே போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும் என்று வெகுநாள் நினைத்தார்கள். ஆனால் வெப்பமண்டலத்தில் இடிமேகம் ஒன்று கிளம்பினால் கடல்மட்டத்துக் காற்றைச் சில மணி நேரத்தில் மேலே ஏற்றிவிடும். பஸ்ஸில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேராத ஆள் லிஃப்ட் கிடைத்துப் போய்விட்ட மாதிரி.

'சரி, இயற்கை. யாருக்கும் அபராதம் போட முடியாது. இதைக் கண்டுபிடித்து என்ன ஆயிற்று?' என்று கேட்கலாம். என் அலுவலக நண்பர் ஒருவர் இதைத்தான் கேட்டார். இந்த அஞ்சைத் தனியாக எடுத்து வைத்தால்தான் மிச்சம் நம்முடையது என்று தெரிகிறது. நம் கட்டுப்பாட்டுக்குள் உள்ள புரோமின் 1990-களின் கடைசியில் 17-ஐ எட்டியது. 2020-ல் 14-க்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. இது மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வெற்றி, ஊர் கூடி இழுத்த தேர். அஞ்சைப் பிரிக்காமல் மொத்தத்தை மட்டும் பார்த்தால், ஒருவர் 'எல்லாம் கடல் செய்வது, நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்' என்பார். இன்னொருவர் 'ஒப்பந்தத்தை மீறி யாரோ திருட்டுத்தனமாக விடுகிறார்கள்' என்பார். இருவர் வாயையும் அடைப்பது ஓப்பனிங் பாலன்ஸ்தான். கடல் சூடாகிக்கொண்டு வரும் காலத்தில் அந்த அஞ்சே நாளைக்கு மாறலாம் என்பது வேறு.

இப்போது செயற்கைக்கோளுக்கு வருவோம். பலூன் ஒரு நாள், ஓர் ஊர். பூமி முழுக்கப் பார்க்க மேலே போக வேண்டும். 1995-ல் ஐரோப்பியர்கள் அனுப்பிய கோம் என்ற கருவி நேர்கீழே பார்த்து மொத்த புரோமின் மோனாக்சைடை அளந்தது. இது பாலன்ஸ் மட்டும் சொல்லும் மிஸ்டு கால் சேவை மாதிரி, எந்த உயரத்தில் எவ்வளவு என்று சொல்லாது. 2002 மார்ச்சில் போன என்விசாட்டில் இருந்த ஸ்கியாமச்சி பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து அடுக்கடுக்காகப் பிரித்தது. இது முழு ஸ்டேட்மெண்ட். ஆனால் ஒரே ஸ்டேட்மெண்ட்டை வைத்து வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு கூட்டுத்தொகை சொன்னார்கள். எது சரி என்று பார்க்க மறுபடியும் பலூனிடம்தான் போனார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பணப்பெட்டியைத் திறந்து நோட்டை எண்ணுகிறோமே, அது மாதிரி.

என்விசாட் 2012 ஏப்ரலில் திடீரென்று பேசுவதை நிறுத்தியது. திரும்பப் பேசவே இல்லை. 2004 ஜூலையில் அமெரிக்கா அனுப்பிய ஆரா ஐந்தாறு வருஷம் உழைத்தால் போதும் என்று அனுப்பப்பட்டது. இருபது வருஷத்துக்கு மேல் இழுத்துவிட்டது. அதற்குச் சமமான வாரிசை யாரும் தயாராக வைத்திருக்கவில்லை. 2017-ல் போன ட்ரோபோமி நல்ல கருவிதான். ஆனால் அது கீழ்நோக்கிப் பார்ப்பது. விளிம்பைப் பார்க்கும் கண்கள் குறையப்போகின்றன என்று 2022-ன் உலக ஓசோன் மதிப்பீட்டு அறிக்கையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆள் ரிடையராகும் தேதி தெரிந்தும் மாற்று ஆள் போடாமல் கவுண்டரை மூடுவதை நம்மூரில் மட்டும்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன் :-)

இனி என் கருத்து.

எங்கள் எல்.சி. தொழிலின் அடிப்படை விதி ஒன்று உண்டு. யு.சி.பி. 600, ஐந்தாவது பிரிவு: வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல. பெட்டிக்குள் அரிசி இருக்கிறதா ஆற்று மணல் இருக்கிறதா என்பது என் கவலை இல்லை. காகிதம் சரியாக இருந்தால் பணம் கொடுக்க வேண்டும். வியாபாரம் ஓட இந்த விதி தேவை. ஆனால் வானத்தை இந்த விதியால் காப்பாற்ற முடியாது.

மாண்ட்ரியல் ஒப்பந்தமும் பெரும்பாலும் காகிதத்தில் ஓடுவது. ஒவ்வொரு நாடும் 'இவ்வளவு தயாரித்தேன், இவ்வளவு இறக்குமதி செய்தேன்' என்று எழுதிக் கொடுக்கிறது. எல்லாரும் யோக்கியர்களாக இருந்தால் போதும். 2018-ல் என்ன ஆயிற்று? சி.எஃப்.சி-11 என்ற வாயு 2010-லேயே உலகம் முழுக்க நிறுத்தப்பட்டதாகக் காகிதம் சொன்னது. காற்றை அளந்தவர்கள் 2012-க்குப் பிறகு உமிழ்வு கூடியிருக்கிறது என்றார்கள். கொரிய, ஜப்பானியத் தீவுகளில் இருந்த நிலையங்களின் அளவை வைத்து 2019-ல் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் உமிழ்வு குறைந்தது. காகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் இன்றுவரை எல்லாம் டேலி.

மெத்தில் புரோமைடுக்கும் காகிதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மற்ற உபயோகங்களை வளர்ந்த நாடுகள் 2005-லும் வளரும் நாடுகள் 2015-லும் நிறுத்த வேண்டும் என்று கெடு. ஆனால் கப்பலில் ஏறும் சரக்குக்கும் மரத்துக்கும் பூச்சிக்காகப் போடுவதற்கு விலக்கு. உச்சவரம்பே கிடையாது. நான் டிக் அடிக்கும் சர்டிஃபிகேட் அந்த விலக்கின் கீழ் வருவதுதான். நம் நாடும் இறக்குமதிப் பருப்புக்கு இந்த வாயுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, 2017-ல் கனடாவோடு மல்லுக்கட்டியது. பூச்சி உள்ளே வந்துவிடும் என்ற பயம் நியாயமானது, இல்லை என்று சொல்லவில்லை. மரத்துக்கு வெப்பத்தில் வாட்டும் மாற்று முறை இருக்கிறது, விரிப்புக்குள் உள்ள வாயுவைத் திரும்பப் பிடிக்கும் முறையும் இருக்கிறது. செலவு கூடுதல், அதனால் காற்றில் விடுகிறோம். அப்படி விடுகிற வரைக்கும், மேலே எவ்வளவு சேர்கிறது என்று அளக்கும் பொறுப்பிலாவது பங்கு எடுக்க வேண்டாமா?

'ஏழை நாட்டுக்கு பலூன் விடுவது ஒரு கேடா' என்று நண்பர் கேட்டார். தளம் இருக்கிறது. பலூன் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2005 ஏப்ரலில் இதே ஹைதராபாத்திலிருந்து 459 கிலோ கருவியை 38 கிலோ திரவ நியானோடு மேலே அனுப்பி, 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்றுப் பிடித்து, அதில் புதிய பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்த கை நம்முடையது. பிறகு சில வருஷம் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து மழைக்காலத் தூசிப் படலத்தைப் பார்க்க இங்கிருந்து பலூன் விட்டன. ஸ்ட்ராட்டோஸ்ஃபியருக்குக் காற்று ஏறும் வாசல் வெப்பமண்டலம்தான். வங்காள விரிகுடாவின் மேல் எழும் மழைமேகம் அந்த வாசலின் பெரிய படிக்கட்டு. கிருனாவில் பறக்கும் பலூனால் இந்த வாசலில் நின்று பார்க்க முடியாது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, மழைக்கு முன் ஒன்று, மழையோடு ஒன்று என்று, புரோமினுக்காகவே பலூன் விட்டுக் கணக்கு எழுதினால் அது உலகத்துக்கே உபயோகமான லெட்ஜர்.

அண்டார்டிகா ஓசோன் ஓட்டை 2066 வாக்கில் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்கிறார்கள். அப்போது எனக்கு எண்பத்தைந்து வயது தாண்டியிருக்கும், இருந்தால். நாற்பது வருஷக் கடன் இது. கடைசித் தவணை வரை யாராவது கணக்கு எழுத வேண்டும். நடுவில் நிறுத்திவிட்டு, 'எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கும்' என்று ஃபைலை மூடினால், மூடியவர் நல்லவராக இருக்கலாம், பேங்கர் இல்லை.

போன வாரம் அதே வாடிக்கையாளரின் ஆவணங்கள் மேசைக்கு வந்தன. ஃப்யூமிகேஷன் சர்டிஃபிகேட்டில் தேதி சரி, கப்பல் பெயர் சரி, கையெழுத்து இருந்தது. விதிப்படி டிக் அடித்து அனுப்பினேன், வேறு என்ன செய்ய? ஆனால் இப்போதெல்லாம் அந்தத் தாளில் பேனா வைக்கும்போது தஞ்சாவூர் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது.